வெளியழைப்பு ரூட்: எது மேலே, எது கீழே

அலுவலக ஃபோன் இணைப்பகத்தை நடத்தும் மென்பொருளான ஃப்ரீபிபிஎக்ஸில் வெளியே போகும் கால் எந்த லைனைப் பிடிக்கும் என்பதை ரூட்களின் (எந்த எண் எந்த லைனில் போகும் என்ற விதிகளின்) வரிசைதான் முடிவு செய்கிறது. டயல் செய்த எண்ணை மேலிருந்து கீழாக ஒப்பிட்டுக்கொண்டு வரும். பொருந்துகிற முதல் ரூட்டோடு தேடல் முடிந்துவிடும். அதற்குக் கீழே இன்னும் துல்லியமான பேட்டர்ன் (எண்ணை அடையாளம் காணும் மாதிரி) இருந்தாலும் பயனில்லை. துல்லியம் எடுபடுவது ஒரே ரூட்டுக்குள் இருக்கும் பேட்டர்ன்களுக்கு இடையில் மட்டும்தான். எல்லா எண்ணையும் விழுங்கும் 'எக்ஸ்-புள்ளி' பேட்டர்னை மேலே வைத்துவிட்டால், வெளிநாட்டு ரூட்டில் போட்ட ரகசிய 'பின்' நம்பரை யாரிடமும் கேட்காமலே கால் போய்விடும்.

அவசர எண்ணுக்கு எப்போதும் முதலிடம். 112 என்றும், வெளி லைனுக்கு 9 அழுத்தும் பழக்கம் இருந்தால் 9112 என்றும் இரண்டையும் சேருங்கள். இதற்கு 'பின்' நம்பர் வேண்டவே வேண்டாம். தரைவழி லைன் இருந்தால் அதுவே முதல் ட்ரங்க் (வெளியே இணைக்கும் லைன்). இன்டர்நெட் போனாலும் கால் போக வேண்டும். எக்ஸ்டென்ஷன் (அலுவலகத்துக்குள் அழைக்கும்) எண்களையும் பாருங்கள். யாருக்காவது 112 கொடுத்திருந்தால், ஆம்புலன்ஸுக்குப் போக வேண்டிய கால் அவர் மேஜையில் மணி அடிக்கும்.

அடுத்து 00-இல் தொடங்கும் வெளிநாடு, பிறகு மொபைல், கடைசியில் உள்ளூர். வெளிநாட்டுக்கே பேசாத அலுவலகத்தில் அந்த ரூட்டும் வேண்டாம், 'எக்ஸ்-புள்ளி'யும் வேண்டாம். கணக்கைத் திருடுபவர்கள் பணம் பறிப்பது அந்த வழியில்தான்.

ஒவ்வொரு ரூட்டுக்குள்ளும் ட்ரங்க் வரிசை உண்டு. முதல் ட்ரங்கில் இடமில்லை அல்லது ட்ரங்கே கிடைக்கவில்லை என்றால் இரண்டாவதுக்குத் தாவும். எதிர்முனை பிஸி என்றால் வழக்கமாகத் தாவாது, அதுதான் சரி. நிறைய பேர் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். ட்ரங்க் நிறுவனத்தின் சர்வர் பதிலே தராவிட்டால் எஸ்ஐபி (இன்டர்நெட் கால்களுக்கான நெறிமுறை) வழக்கப்படி 32 விநாடி (அரை விநாடி × 64) காத்திருக்கும். அவ்வளவு நேரம் ஒரு சத்தமும் இல்லாமல் யார் ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்? பிஜேசிப் (எஸ்ஐபி வகை) ட்ரங்கில் 'குவாலிஃபை ஃப்ரீக்வென்சி'யை (ட்ரங்க் உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் இடைவெளியை) 60 அல்லது 30 விநாடியாக வையுங்கள். 0 என்றால் சோதனையே நடக்காது. ட்ரங்க் செத்திருப்பது முன்பே தெரிந்துவிட்டால் கால் உடனே அடுத்ததற்குப் போகும்.

இரண்டாவது ட்ரங்குக்குத் தாவியும் கால் விழவில்லையா? பெரும்பாலும் காலர் ஐடிதான் காரணம். தனக்குச் சொந்தமில்லாத எண்ணைக் கண்டால் சில தொலைபேசி நிறுவனங்கள் 403 (அனுமதி இல்லை) அனுப்பி மறுத்துவிடும். எண் வடிவமும் மாறும்: ஒன்று கூட்டல் குறியோடு நாட்டுக் குறியீடு கேட்கும், இன்னொன்று வெறும் எண்ணைக் கேட்கும். அந்த மாற்றத்தை ரூட்டில் செய்யாதீர்கள், ட்ரங்கிலேயே செய்யுங்கள். அதிகபட்ச சேனலையும் (ஒரே நேரத்தில் போகும் கால்களின் எண்ணிக்கை) நிறுவனம் கொடுத்த அளவுக்கே வையுங்கள்.

வரிசையை இழுத்து மாற்றியபின் 'அப்ளை கான்ஃபிக்' அழுத்தினால்தான் அது நடப்புக்கு வரும். பிறகு இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு மொபைலுக்கு டயல் செய்து பாருங்கள். அவசர எண்ணை மட்டும் சோதனைக்காக அழைக்காதீர்கள். ஃப்ரீபிபிஎக்ஸுக்கு அடியில் ஓடும் ஆஸ்டரிஸ்க் மென்பொருளின் கன்சோலில் 'டயல்பிளான் ஷோ 112@ஃப்ரம்-இன்டர்னல்' என்று கொடுத்தாலே எந்த ரூட் பொருந்துகிறது என்று காட்டிவிடும்.