கழுகுக் குலமரம்: நூலும் குண்டூசியும் வைத்துச் செய்து பார்த்தது

மூன்றடிக்கு நான்கடி தெர்மாகோல் பலகை, ஐந்து நிறக் கம்பளி நூல், ஒரு பெட்டி குண்டூசி, வீட்டில் சேர்ந்துகிடந்த கல்யாணப் பத்திரிகைகள். கழுகுகளின் குலமரத்தைச் சுவரில் மாட்டும் வேலையை இவ்வளவோடுதான் தொடங்கினேன். பத்திரிகையின் பின்பக்கம் வெள்ளையாகவும் தடிமனாகவும் இருக்கும். தீப்பெட்டி அளவுக்கு வெட்டினால் ஒன்றில் ஏழெட்டுப் பறவைகள் தேறும். மணமக்கள் மன்னிக்கட்டும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வேலை சுலபமாக ஓடியது. அடியில் ‘கழுகு’ என்று ஓர் அட்டை. அதிலிருந்து கிளம்பும் சிவப்பு நூல்களில் பொன்னிறக் கழுகு, அமெரிக்காவின் வெண்தலைக் கழுகு, பாம்புக் கழுகு, தென் அமெரிக்கக் காடுகளின் ஹார்ப்பிக் கழுகு. பக்கத்தில் தனிக் கிளையாகப் பருந்து, வைரி, பூனைப்பருந்து. இன்னொரு ஓரத்தில் பிணம் தின்னும் பாறுகள். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. பார்க்க லட்சணமாக இருந்தது. ஆனால் முக்கால்வாசி தவறு.

மரபணுவை ஒப்பிட்டு வரைந்த மரங்களைப் படித்த பிறகுதான் ஊசிகளைப் பிடுங்கத் தொடங்கினேன். முதலில் கழன்றது வெண்தலைக் கழுகு. கடற்கழுகுகள் என்ற அந்தக் கூட்டத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் பருந்துகள். கடற்கரையில் மீன் கழிவுக்கு வட்டமிடுகிற செம்பருந்தும், அமெரிக்க அரசு முத்திரையில் சிறகு விரித்து நிற்கும் வெண்தலைக் கழுகும் ஒன்றுவிட்ட உறவுக்காரர்கள். பொன்னிறக் கழுகு இரண்டுக்குமே தூரத்து உறவுதான். காலைப் பார்த்தாலே இதில் பாதி விளங்கும். பொன்னிறக் கழுகின் கூட்டத்துக்குக் காலில் விரல் தொடங்கும் இடம் வரை இறகு மூடியிருக்கும், காலுறை போட்ட மாதிரி. கடற்கழுகுக்குக் கணுக்கால் மொட்டை.

அடுத்துக் கழன்றது பிலிப்பைன்ஸ் கழுகு. ஆள் பருமனிலும் குரங்கு பிடிக்கும் வேலையிலும் ஹார்ப்பியைப் போலவே இருப்பதால் வெகுகாலம் இரண்டையும் ஒரே கிளையில் வைத்திருந்தார்கள். 2005-ல் வந்த மரபணு ஆய்வு அதைப் பாம்புக் கழுகுகளின் வீட்டுக்கு அனுப்பிவைத்தது. பாறுகளும் ஓரத்தில் ஒன்றாக நிற்கவில்லை. திருக்கழுக்குன்றத்துக்கு உச்சிவேளையில் சோறு உண்ண வந்துகொண்டிருந்த மஞ்சள்முகப் பாறு ஒரு கிளை; வெண்முதுகுப் பாறு வேறு கிளை. பிணம் தின்னும் பிழைப்பு இந்தக் குடும்பத்துக்குள்ளேயே இரண்டு முறை தனித்தனியாக உண்டாகியிருக்கிறது.

ராஜாளிதான் பெரிய தலைவலி. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வகுத்த லின்னேயஸ் 1758-ல் பொன்னிறக் கழுகையே ராஜாளியின் பேரினமான ஃபால்கோவில்தான் சேர்த்தார். கழுகுக்கு அக்விலா என்ற தனிப் பேரினத்தை பிரிஸ்ஸான் 1760-ல் பிரித்துக் கொடுத்தார். அதற்குப் பின்னும் இரண்டையும் பங்காளிகளாகத்தான் கருதிவந்தார்கள். 2008-ல் 169 பறவையினங்களின் மரபணுவை ஒப்பிட்டபோது ராஜாளிக்கு நெருங்கிய சொந்தம் கிளியும் குருவிகளும் என்று வந்தது. வளைந்த அலகு, கூரிய நகம் இரண்டையும் ராஜாளி தன் பாட்டுக்குத் தேடிக்கொண்டிருக்கிறது. என் பலகையில் கிளிக்கு இடமில்லை. ராஜாளி அட்டையை ஜன்னல் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். இன்றும் அங்கேதான் ஆடிக்கொண்டிருக்கிறது.

இப்படி எல்லாம் கழன்ற பிறகு, அடியில் குத்திய ‘கழுகு’ அட்டைக்கு நூலே மிஞ்சவில்லை. நான்கு கூட்டங்கள் நான்கு இடத்தில் நிற்கின்றன. பெரிய உடம்போடு பெரிய இரையைப் பிடிப்பவை எல்லாம் கழுகு என்று மனிதர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். குலத்தைப் பார்த்து வைத்த பெயராக இல்லாமல் தொழிலைப் பார்த்து வைத்த பெயராகப் போய்விட்டது. இலக்கண ஆசிரியர்கள் கோபிக்கக் கூடாது, கழுகு ஒரு தொழிற்பெயர். தமிழில் குழப்பம் இன்னும் ஒரு படி மேல். வேட்டையாடுவதற்கும் கழுகு, பிணம் தின்பதற்கும் கழுகு. பறவை பார்ப்பவர்கள் ‘பாறு’ என்ற பழைய சொல்லை மீட்டெடுத்துப் பிரித்துச் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பழைய குழப்பத்தை முழுக்கக் கைவிடவும் மனம் வரவில்லை. காரணம் பின்னால் வரும்.

அந்த அட்டையைக் கிழிக்காமல் பலகையின் தலைப்பாக மேலே ஒட்டிவிட்டேன்.

மூன்றாவது வாரம் புதைபடிவங்கள். பலகையின் ஓரத்தில் காலக்கோடு வரைந்தேன், ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் ஆண்டு. கழுகுகளின் எலும்பு அரிதாகத்தான் கிடைக்கும். இரை ஆயிரம் இருந்தால் வேட்டைக்காரன் நாலு பேர்தான். எலும்பும் மெல்லியது, உள்ளே காற்று. அதனால் ஆர்க்கேஹையராக்ஸ் என்ற பழங்காலக் கழுகு கிடைத்தது பெரிய காரியம். 2016-ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் பின்பா ஏரியில் 63 எலும்புகள் அகப்பட்டன. 2021-ல் புதைபடிவ ஆய்வாளர் எல்லன் மேதரும் சகாக்களும் பெயரிட்டு விவரித்தார்கள். வயது இரண்டரைக் கோடி ஆண்டு. இன்று அந்த ஏரி வறண்ட பாலை. அன்று சுற்றிலும் காடு. உடம்புக்குக் குட்டையான சிறகு, மரங்களுக்கு நடுவே திரும்பி வளைந்து பறக்கத் தோதாக. இன்றுள்ள எந்தக் கழுகுக்கும் அது நேர் பாட்டன் இல்லை என்பதால், 25-வது சென்டிமீட்டரில் ஊசி குத்தி, நூலை எதனோடும் முடியாமல் விட்டேன். விரித்த பாதம் 15 சென்டிமீட்டர். ஜியாமெட்ரி பெட்டியில் இருக்கும் சின்ன அளவுகோலின் நீளம். அதே நாட்டில் பனியூழிக் காலத்தில் வாழ்ந்த டைனடோயிட்டஸ் என்ற கழுகின் பாதம் 30 சென்டிமீட்டர், அதாவது பெரிய அளவுகோல். இரண்டையும் மேசையில் அருகருகே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெறுமனே பார்த்திருந்தேன்.

ஓர் அட்டையை நிறம் மாற்றி எழுத வேண்டியிருந்தது. 1905-ல் டி விஸ் என்பவர் ஆஸ்திரேலிய எலும்புத் துண்டு ஒன்றைக் கழுகு என்று பதிவு செய்தார். நூறு ஆண்டுக்கு மேல் அது கழுகாகவே இருந்தது. 2022-ல் மேதர் குழு மறுபடி பார்த்தது. காலெலும்பில் தசை பிடித்திருந்த தடங்கள், இரையை இறுக்கிக் கொல்லும் பறவைக்கு வேண்டிய அளவுக்கு இல்லை. பிணந்தின்னி. கிரிப்டோகிப்ஸ் என்று புதுப் பெயர். இன்று ஒரு பாறு கூட இல்லாத ஆஸ்திரேலியாவில் அன்று பாறு இருந்திருக்கிறது.

இனி நான் ஆசைப்பட்டுத் தொட்ட ஹாஸ்ட் கழுகு. நியூசிலாந்தின் தெற்குத் தீவில், கிளென்மார்க் சதுப்பில், 1871-ல் எலும்புகள் கிடைத்தன. மறு ஆண்டே யூலியஸ் ஃபான் ஹாஸ்ட் ஹார்பகோர்னிஸ் என்று பெயரிட்டார். கொக்கிப் பறவை என்று பொருள். மோவா என்ற பறக்காத பெரும்பறவைகள் சேற்றில் சிக்கித் தவிக்க, தின்ன வந்த கழுகும் சிக்கியிருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள லா பிரேயா தார்க்குழியிலும் இதே கதை. அங்கே கிடைத்த பறவைகளில் எண்ணிக்கையில் முதலிடம் பொன்னிறக் கழுகுக்கு. பேராசைக்காரர்கள்தான் நமக்குப் புதைபடிவமாகக் கிடைக்கிறார்கள்.

ஹாஸ்ட் கழுகின் பின்விரல் நகம் 11 சென்டிமீட்டர் வரை இருக்கும். அளந்து பார்த்தால் சரியாக என் உள்ளங்கை நீளம். அந்த நகத்தைச் செய்யக் கம்பியை வளைத்து, ஊறவைத்த செய்தித்தாள் கூழில் மைதா பசை கலந்து மேலே அப்பினேன். அவசரத்தில் மொட்டைமாடி வெயிலில் காயவைத்தது தவறு. மேல்பக்கம் சட்டென்று இறுகி உள்ளே ஈரம் நிற்க, மறுநாள் நீளவாட்டில் வாய் பிளந்திருந்தது. அடுத்ததை மெல்லிய அடுக்குகளாக, ஒன்று காய்ந்த பின் ஒன்றாக, நிழலில் வைத்துச் செய்தேன். ஐந்து நாள் ஆயிற்று. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கறுப்பு அடித்ததும் அம்மா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, தேங்காய் உரிக்க ஆகுமா என்று கேட்டார். மோவாவின் இடுப்பெலும்பில் இந்த நகம் இறங்கிய ஓட்டைகள் இருக்கின்றன. பெரிய மோவா 200 கிலோவைத் தாண்டும்.

சிறகுக்குப் பாடப்புத்தக அட்டை போடும் பழுப்புத்தாளை ஒட்டி 2.6 மீட்டருக்கு வெட்டினேன். கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டது. எடை, பெண் பறவைக்கு 10 முதல் 15 கிலோ. வீட்டு சிலிண்டரில் அடைக்கும் எரிவாயு 14.2 கிலோ. அவ்வளவும் பறந்திருக்கிறது.

இத்தனை பெரியதை எந்த நூலில் கட்டுவது? ஆஸ்திரேலியாவின் பெரிய ஆப்புவால் கழுகுதான் உறவு என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2005-ல் எலும்பிலிருந்து மரபணு எடுத்துப் பார்த்ததில், நெருங்கிய உறவு ஆஸ்திரேலியாவின் குட்டிக் கழுகும், பனிக்காலத்தில் நம் பக்கமும் வந்து போகிற பூட்டட் கழுகும் என்று தெரிந்தது. இரண்டுமே ஒரு சர்க்கரைப் பொட்டலத்தின் எடைதான், கிலோ பக்கம். கிளை பிரிந்த காலம் முதல் கணக்கில் 7 முதல் 18 லட்சம் ஆண்டு, 2019-ல் வந்த கணக்கில் சுமார் 22 லட்சம். என் கோட்டில் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம். கொன்று தின்னும் பாலூட்டி இல்லாத தீவில், அதற்குள் பத்துப் பதினைந்து மடங்கு பெருத்துவிட்டது. ஹார்பகோர்னிஸ் என்ற பெயர் போய், குட்டிக் கழுகின் பேரினமான ஹையராயிட்டஸில் சேர்ந்தது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் வந்து மோவா தீர்ந்ததும் இதுவும் 1400 வாக்கில் முடிந்தது. அறுநூறு ஆண்டை என் கோட்டில் குறிக்க முடியாது, தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

தலை மட்டும் பாக்கி. 2021-ல் மண்டையோட்டை அளந்து செய்த ஆய்வு, இது கழுகைப் போலக் கொன்று, பிணம் தின்னும் காண்டோரைப் போல உடலுக்குள் தலையை நுழைத்துத் தின்றது என்கிறது. தலை மொட்டையாக இருந்திருக்கவும் கூடும் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மாவோரிக் குகை ஓவியம் ஒன்றில் உடலுக்கு நிறம் உண்டு, தலைக்கு இல்லை. வேட்டைக்கும் பிணத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் தமிழ் இந்த ஒரு பறவைக்கு அப்படியே பொருந்துகிறது. பாறு என்று ஒதுக்கவும் முடியாது.

நேற்று உடலுக்குக் காவி அடித்து முடித்தேன். தலையைத் தாளின் நிறத்திலேயே விட்டிருக்கிறேன். இடக்கால் நகங்கள் மூன்று இன்னும் நிழலில் காய்கின்றன.