ஒரு தோட்டம் காடானது

போன வாரம் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தின் வேலியில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். நிலம் விற்பனைக்கு, எட்டு ஹெக்டேர், வீடு, பெரிய கொட்டகை. கீழே சின்ன எழுத்தில் ‘தண்ணீர் நீங்கலாக’ என்று போட்டிருந்தது. வேலைக்குக் கிளம்பிய அவசரத்திலும் காரை நிறுத்தி அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படித்தேன். கேரளாவில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு நிலம் விலைக்கு வந்தால் முதல் கேள்வியே ‘தண்ணி எப்படிங்க?’ என்பதுதான். கிணறு இருக்கிறதா, போர் எத்தனை அடி, வாய்க்கால் தண்ணீர் பாயுமா, மடையிலிருந்து எத்தனையாவது வயல் என்று எல்லாம் கேட்டு முடித்தபிறகுதான் விலைப் பேச்சே எழும். தண்ணீர் இருந்தால் அது தோட்டம், இல்லாவிட்டால் காடு. ஒரே மண், ஒரே வரப்பு, ஆனால் பேர் மாறிவிடும், பெண் கொடுக்க வருகிறவர்களின் முகமும் மாறிவிடும். இங்கே நான் ஏழெட்டு அடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தோட்டம் காடாகிவிட்டது.

நான் இருப்பது மில்டுரா. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் வடமேற்கு மூலை, மர்ரே ஆற்றைத் தாண்டினால் நியூ சவுத் வேல்ஸ். பிறந்தது கேரளாவும் தமிழ்நாடும் முட்டிக்கொள்ளும் சித்தூர் தாலுகாவில், 2018ல் வந்து குடியேறியதும் இரண்டு மாநிலத்துக்கு நடுவில் ஓடும் ஆற்றங்கரையில். எல்லைக்காரியை எல்லை விடுவதில்லை போலிருக்கிறது. வருஷத்துக்கு 300 மில்லிமீட்டர்கூடப் பெய்யாத செம்மண் பூமி இது. 1880களின் கடைசியில் கனடாவில் பிறந்த சாஃபி சகோதரர்கள் வந்து ஆற்றுத் தண்ணீரை எந்திரம் வைத்து மேலேற்றி வாய்க்கால் வெட்டிய பிறகுதான் இங்கே திராட்சையும் ஆரஞ்சும் வந்தன. முதன்முதலில் வீடியோவில் அம்மாவுக்கு இந்த ஊரைக் காட்டியபோது, செம்மண்ணையும் அதன்மேல் வரிசை வரிசையாக நின்ற பச்சையையும் பார்த்துவிட்டு, “நம்ம எருத்தேம்பதியாட்டமே இருக்குது கண்ணு, பனமரத்தத்தான் காணோம்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

எங்கள் பக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கேரளா என்றால் மழை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பொள்ளாச்சியில் இருக்கும் சொந்தக்காரர்களே, “உங்களுக்கென்ன, கேரளாக்காரங்க, தண்ணிக்கா பஞ்சம்?” என்பார்கள். இங்கே என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் கோட்டயத்துச் சேச்சியும் அதையேதான் கேட்டார். கேரளாவின் சராசரி மழை 3000 மில்லிமீட்டரை ஒட்டி வரும், ஆனால் எங்கள் கிழக்குச் சித்தூருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் பெரிது. மலை மழையை வாங்கிக்கொண்டு பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றை மட்டும் எங்களுக்கு அனுப்பும். மலையாளிகளுக்கு நாங்கள் தமிழர்கள், தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நாங்கள் கேரளாக்காரர்கள். எங்கள் வறட்சியை மட்டும் இரண்டு பேரும் நம்ப மாட்டார்கள். 2016 அக்டோபர் கடைசியில் கேரள அரசு 14 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அறிவித்தபோதுதான் மற்றவர்களுக்கு அது புதுச்செய்தி. எங்கள் தென்னைகளில் அதற்கு முன்பே மட்டைகள் தொங்க ஆரம்பித்திருந்தன. கள் இறக்குகிறவர் மரத்திலிருந்து இறங்கி, காலியான சுரைக்குடுக்கையை அப்பாவிடம் கவிழ்த்துக் காட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்.

சரி, பலகைக்கு வருகிறேன். அது திடீரென்று வந்த பலகை இல்லை. நான் வந்த அடுத்த வருஷமே, 2019லேயே, அதற்கான வேலை தொடங்கிவிட்டது.

ஆஸ்திரேலியா கணக்கு வைத்திருக்கும் நூற்றுச் சொச்சம் வருஷங்களில் மழை மிகக் குறைந்த வருஷம் அது, நாடு முழுக்கச் சராசரி 277 மில்லிமீட்டர்தான். மெனிண்டி என்ற ஊரில் டார்லிங் ஆற்றில் மீன்கள் லட்சக்கணக்கில் செத்து மிதந்த படம் எல்லோர் கைப்பேசியிலும் வந்தது. அந்த ஆறு எங்களுக்குப் பக்கத்தில் வென்ட்வொர்த்தில்தான் மர்ரேயோடு கலக்கும். ஒருநாள் செம்புழுதி கிளம்பி வானமே இருண்டுவிட்டது. கதவிடுக்கில் ஈரத்துணி வைத்தும் கொதித்துக்கொண்டிருந்த ரசத்தில் மண் படிந்தது. இதில் எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்று. அதே வருஷம் ஆகஸ்டில் கேரளாவில் வெள்ளம், மலைகள் சரிந்தன, ஊரில் அம்மா அரிசி மூட்டையை மச்சில் ஏற்றிக்கொண்டிருந்தார். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் சூடாகி, சுமத்ரா பக்கம் குளிர்ந்துவிட்டால் ஆஸ்திரேலியாவுக்கு மழை குறையும், நம் பருவமழைக்கு அது கைகொடுக்கும் என்று பிறகு படித்தேன். நானும் அம்மாவும் ஒரே கடலின் இரண்டு கரையில்தான் நின்றுகொண்டிருந்தோம். எனக்கு வர வேண்டியதும் சேர்த்து அங்கே கொட்டியதாகவே அன்று தோன்றியது.

அந்த வசந்தத்தில்தான் பக்கத்துத் தோட்டத்துத் திராட்சைக் கொடிகள் மஞ்சளாகின. அங்கிருப்பவர் எழுபது வயதைத் தாண்டியவர், இத்தாலியிலிருந்து வந்த குடும்பம், அவர் அப்பா காலத்திலிருந்து உலர்திராட்சை போட்டுவந்தவர்கள். நாங்கள் வந்த முதல் மாதமே ஒரு பெட்டிப் பழத்தை வாசலில் வைத்துவிட்டுப் போன மனிதர். இலைகளைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. மோட்டார் ரிப்பேரா, ஆள் வேண்டுமா, என் வீட்டுக்காரரை அனுப்பட்டுமா என்று வேலியோரம் நின்று கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார், இந்த வருஷத் தண்ணீரை விற்றுவிட்டேன் என்று. நான் சரியாகக் காதில் வாங்கவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னார். விற்றுவிட்டேன்.

இந்த ஊர் முறை இதுதான். விவசாயியின் நிலம் வேறு, அவர் தண்ணீர்ப் பங்கு வேறு. வடக்கு விக்டோரியாவில் 2007ல் இரண்டையும் சட்டப்படியே பிரித்துவிட்டார்கள். அணைகளின் இருப்பைப் பார்த்து, ‘உங்கள் பங்கில் இத்தனை சதவீதம் இந்தப் பருவத்துக்கு’ என்று அவ்வப்போது அறிவிப்பார்கள். கிடைத்ததை நீங்கள் பாய்ச்சலாம், அல்லது விற்கலாம். ஒரு வருஷத்துத் தண்ணீரை மட்டும் விற்கலாம், பங்கையே மொத்தமாகவும் விற்கலாம். அளவு மெகாலிட்டரில், அதாவது 10 லட்சம் லிட்டர், எங்கள் ஊருக்கு வரும் 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 83 லோடு. மழை நன்றாக இருக்கும் வருஷத்தில் ஒரு மெகாலிட்டர் 50 டாலருக்கும் கீழே போகும். அந்த 2019ல் 800 டாலர் வரை போனது. கொஞ்ச தூரத்தில் பாதாம் தோப்புகள் மைல் கணக்கில் நிற்கின்றன. ஒரு ஹெக்டேருக்கு 12 முதல் 14 மெகாலிட்டர் குடிக்கும் மரங்கள், ஒரு வருஷம் விட்டாலும் தாங்காது, எனவே என்ன விலை ஆனாலும் வாங்குவார்கள். உலர்திராட்சை அந்த விலைக்குக் கட்டுமா? கட்டாது. பழம் விற்று வருவதைவிடத் தண்ணீர் விற்று அதிகம் வருகிறது என்று விரல் மடக்கிக் கணக்குச் சொன்னார். கணக்கில் பிழையில்லை. சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, கொடிகளையும் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். “ஏங்கண்ணு, ஆத்துல வர்ற தண்ணிதான? அத எப்படி விப்பாங்க?” என்றார். நான் விளக்க விளக்க, அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “அதுக்குத்தான பிளாச்சிமடையில பொம்பளைக கொட்டாய் போட்டு உக்காந்தாங்க.” எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. பிளாச்சிமடை எங்கள் தாலுகாதான், பெருமாட்டிப் பஞ்சாயத்து. நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சிய குளிர்பான ஆலைக்கு எதிராக 2002ல் மயிலம்மா மாதிரிப் பழங்குடிப் பெண்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். கிணற்றுத் தண்ணீரில் சோறு வேகவில்லை, பருப்பு வேகவில்லை என்பதுதான் அவர்கள் முதலில் சொன்ன புகார். பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது, 2004ல் ஆலை நின்றது. தண்ணீர் ஒருத்தர் சொத்தா என்ற வழக்கு எங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்த ஊரிலிருந்து கிளம்பி, தண்ணீருக்குத் தினசரி விலை போடும் ஊருக்கு நான் வந்திருக்கிறேன்.

தூக்கம் வராமல் கைப்பேசியில் ஒரு கணக்குப் போட்டேன். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் அளந்து எங்கள் சித்தூர்ப் புழைக்குத் தமிழ்நாடு வருஷம் 7.25 டிஎம்சி விட வேண்டும். மெகாலிட்டரில் அது இரண்டு லட்சத்து ஐயாயிரம். 800 டாலர் என்றால் பதினாறு கோடி டாலருக்கு மேல். எங்கள் ஆற்றுக்குச் சோகநாசினி என்றொரு பேர் உண்டு. அதை முதல்தடவையாக ஒரு விலையாகப் பார்த்தேன். பார்த்ததே தப்பு என்று பட்டது, உடனே அழித்துவிட்டேன்.

ஆனால் இங்கிருந்து ஒன்றை மட்டும் எடுத்துப்போக முடிந்தால் நான் மீட்டரை எடுத்துப்போவேன். இங்கே ஒவ்வொரு தோட்டத்தின் மடையிலும் மீட்டர் இருக்கிறது, அணையில் இருப்பு எவ்வளவு என்று யார் வேண்டுமானாலும் தினமும் பார்த்துக்கொள்ளலாம், இவ்வளவுதான் தருவோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள், விதைப்பதா வேண்டாமா என்று விவசாயி முடிவெடுக்க முடிகிறது. எங்கள் ஒப்பந்தம் 1970ல் கையெழுத்தானது, 1958லிருந்தே செல்லும் என்று எழுதியிருக்கிறது. அப்பாவுக்கு அந்த வயசு. ஆற்றில் மூலத்தறைத் தடுப்பணை ஷட்டரைத் திறப்பார்களா, எப்போது, எத்தனை நாளைக்கு என்பதை அவர் இன்றுவரை டீக்கடையில் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார். நாற்று விட்டுவிட்டு வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்க்கும் அந்த மாதிரி நாட்களை எந்த விவசாயிக்கும் யாரும் கொடுக்கக் கூடாது. அளந்து கொடுப்பதற்கு விற்க வேண்டியதில்லை. இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

என்னோடு ராத்திரி ஷிப்டு பார்க்கும் ஒரு அக்கா தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து வந்தவர். 2018ல் அவர்கள் நகரத்தில் குழாயையே மூடும் நாள் குறித்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர், அதற்குள் குளியல், சமையல், துவையல் எல்லாம். வாளிக்குள் நின்று குளித்து அந்தத் தண்ணீரைக் கழிப்பறைக்கு ஊற்றியதை அவர் சொல்லும்போது நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன், எங்கள் வீட்டில் கிழவிகள்கூட அப்படித்தான். ஆனால் அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்குள் நின்றுவிட்டது. மலைப்பக்கத்து ஆப்பிள் விவசாயிகளின் சங்கம் ஒன்று தன் அணையில் மிச்சமிருந்த 1000 கோடி லிட்டரை நகரத்துக்கு இனாமாகத் திறந்துவிட்டது. இனாமா என்று இரண்டு தடவை கேட்டேன். இனாம்தான். எங்கள் அப்பாரய்யன் காலத்தில் வறட்சி வந்தால் தண்ணீர் இருக்கிற கிணற்றுக்காரர் மாடு பூட்டிக் கவலை இறைத்து வாசலில் தொட்டி நிரப்பி வைப்பாராம், கேட்காமல் யாரும் மோந்துகொள்ளலாம். அந்தப் பேச்சை ஆப்பிரிக்காவில் யாரோ பேசியிருக்கிறார்கள்.

இங்கே எனக்கு எல்லாம் பழகிவிட்டது. குழாயில் இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் வருகிறது, அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ராத்திரி படுக்குமுன் குளியல் தொட்டியில் பாதி பிடித்து வைத்துவிடுவேன். “எதுக்கு?” என்று என் வீட்டுக்காரர் கேட்பதை நிறுத்திப் பல வருஷம் ஆயிற்று. பையன் மட்டும் கேட்டான், பள்ளிக்கூடத்தில் நாலு நிமிஷத்தில் குளிக்கச் சொல்லும் மணற்கடிகாரம் கொடுத்திருந்தார்கள், அதைத் தொட்டி மேல் வைத்துக்கொண்டு. அவனுக்கு மழைச்சோற்றைப் பற்றிச் சொன்னேன். ஆத்தாவும் மற்ற பெண்களும் வீடு வீடாகச் சோறு வாங்கி, ஊர் எல்லையில் ஒன்றாகப் பிசைந்து, மழை பெய்யாத இந்த ஊரில் இனி இருக்க மாட்டோம், தேசாந்திரம் போகிறோம் என்று அழுதுகொண்டே கிளம்புவார்கள். மழை மனம் இரங்கிப் பெய்யும் என்று நம்பிக்கை. நான் ஆறு வயதில் ஆத்தா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதேன், உண்மையிலேயே ஊரைவிட்டுப் போகிறோம் என்று நினைத்து. “அப்புறம் மழை வந்துச்சாம்மா?” என்றான். வந்தது, இரண்டு நாள் கழித்து. “அப்ப நீங்க போகலையா?” என்றான். அன்றைக்குப் போகவில்லை.

பலகையைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பியிருந்தேன். விலையை விசாரிப்பார் என்று நினைத்தேன். “அந்தக் கொடிகளையெல்லாம் இப்ப யாரு கண்ணு பாக்கறாங்க?” என்றார். யாருமில்லீங்கப்பா என்றேன். கொடிகள் பெரும்பாலும் காய்ந்து கம்பியில் தொங்குகின்றன, வேலியோரத்து ஒன்றைத் தவிர. அதற்கு 2019லிருந்தே தினமும் காலையில் குளியல் தொட்டித் தண்ணீரை இரண்டு வாளி ஊற்றி வருகிறேன். பெரியவர் ஒருநாள் பார்த்தார், தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார், அதைப்பற்றி நாங்கள் பேசியதே இல்லை. இந்த செப்டம்பரில் அதில் துளிர் விட்டிருக்கிறது, மாங்கொழுந்து மாதிரி லேசான சிவப்பில். அந்தப் படத்தையும் அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா கூப்பிட்டார். “மழை பேஞ்சுதா அங்க?”