படத்துக்குக் கீழே யார் பெயர்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்திய ஒப்பந்தக் கூலிகள் முதன்முதலில் வந்திறங்கிய நாளான நவம்பர் 16-ஐ ஒட்டிக் கோயில் மண்டபத்திலோ பள்ளியிலோ பழைய படங்களைக் காட்சிக்கு வைப்பவர்கள் முதலில் திருத்த வேண்டியது விளக்கச் சீட்டுகளை. 'முனுசாமி, மனைவியுடன்' என்று எழுதிய உடனே அந்தப் பெண் மறைந்துபோகிறாள். 1860-இல் அவர்களை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ வந்தது தொடங்கி, ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பதிவேட்டில் பெண்களுக்கும் தனி எண், பெயர், வயது, ஊர் உண்டு. குடும்பத்தாரிடம் அந்த எண்ணைக் கேளுங்கள். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் செல்லம்மாவை 'Ch'-இலும் 'S'-இலும் மாற்றி மாற்றித் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் 'பெயர் பதிவாகவில்லை' என்றே எழுதுங்கள். 'யாரோ ஒரு பெண்' என்பது அவளைச் சிறுமைப்படுத்துகிறது.

1971-இல் அமெரிக்கக் கலை வரலாற்றாளர் லிண்டா நாக்லின், பெரும் பெண் ஓவியர்கள் ஏன் இல்லை என்று கேட்டு, திறமையில் குறையில்லை, பயிற்சிக் கதவுகள்தான் அடைபட்டிருந்தன என்று காட்டினார். நம் மண்டபங்களிலும் ஆண்களின் சங்கப் படம் 'வரலாறு', பாட்டியின் சேலை 'வீட்டுச் சாமான்' ஆகிவிடுகிறது. இரண்டையும் ஒரே சுவரில், ஒரே கண்மட்டத்தில் வையுங்கள்.

சேலையை ஊசி குத்தித் தொங்கவிடாதீர்கள்; சரிகையின் கனத்தில் துளை கிழியும். பஞ்சும் வெள்ளைப் பருத்தித் துணியும் சுற்றிய தடித்த உருளைமேல் போடுங்கள். வெளிச்சம் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வேண்டாம், சாயம் வெளுத்தால் திரும்பாது. மடிப்பில் சரிகை முறியும் என்பதால், பிறகு சுருட்டியே வையுங்கள்.