ரப்பர் உறைக்குள் நின்ற எண்ணெய்

என் பழைய காடியில் (காரில்), முன்சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ரேக்கின் ஓரத்தில் இருந்த ரப்பர் உறையின் கிளிப்பை ஒர்க்‌ஷாப் ஃபோர்மன் அண்ணன் கழற்றியதும், சிவப்பு எண்ணெய் குபுக்கென்று அவர் கைமேல் கொட்டியது.

"பாத்தியா தம்பி? தரையில ஒரு சொட்டு இல்ல. எல்லாம் இதுக்குள்ளதான் நின்னிருக்கு."

அந்த உறை தூசி உள்ளே போகாமல் தடுக்க இருப்பது. அதற்குள் எண்ணெய் வந்தாலே ரேக்கில் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் சீல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் பலர் எண்ணெய் ஊற்றி ஊற்றியே ஓட்டுகிறார்கள். அளவு இறங்கினால், ஸ்டீயரிங்கை இலகுவாக்கும் பம்ப் காற்றை இழுக்கும், முனகும், கடைசியில் அதுவும் போய்விடும்.

பழைய காடிகளிலிருந்து கழற்றிய பாகங்களை விற்கும் ஹாஃப் கட் கடையில் ரேக் மலிவுதான். ஆனால் அந்த சீலுக்கும் வயதாகியிருக்குமே! புது சீல் போட்டுச் சீரமைத்த ரேக்கையே வாங்கினேன்.

குழாய்களைக் கழுவி, ரேக்கை மாட்டி, முன்சக்கரங்களைத் தூக்கி வைத்து, ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தார். எண்ணெய் டப்பாவில் குமிழி நிற்கும்வரை விடவில்லை. அவசரமே படாத அந்தக் கை! அப்புறம் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்.

தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும், பெரியவர்கள் ஈப்போ மருத்துவமனைக்குப் போவதும் இந்த மாதிரி பழைய காடிகளில்தான். செம்பனை லாரி எதிரே வரும் வளைவில் ஸ்டீயரிங் கனத்தால், வயதானவர் கை என்ன செய்யும்?

பழைய காடி வைத்திருப்பவர்கள், அடுத்த சர்வீஸில் அந்த உறையைக் கொஞ்சம் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.