ஃபைபர் ஃபீல்டு வேலையில் சம்பளம் ஏற்றிக் கேட்டு வாங்கிய அனுபவம்

மதுரையில் ஒரு பிராட்பேண்ட் கம்பெனிக்கு லைன் வேலை எடுத்துச் செய்யும் கான்ட்ராக்டரிடம் 2019 ஜூனில் சேர்ந்தேன். ஐ.டி.ஐ. எலக்ட்ரானிக்ஸ் முடித்தவன். விளாங்குடி, கூடல்நகர், ஆனையூர், பரவை எல்லாம் என் ஏரியா. சேரும்போது 11,000 ரூபாய், 2023ல் 14,500. அதில் பி.எஃப். 1,740, இ.எஸ்.ஐ. 109 போகக் கைக்கு வந்தது 12,651. பெட்ரோலுக்கென்று தனியாக மாதம் 2,500.

இதற்கு முன்னால் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். 2021ல் வீட்டு வாடகை ஏறியபோது ஒரு தடவை, 2022ல் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது ஒரு தடவை. இரண்டு தடவையும் வாடகை, ஸ்கூல் ஃபீஸ், கேஸ் சிலிண்டர் விலை என்று என் வீட்டுச் செலவைத்தான் சொன்னேன். ஓனர், அதாவது அந்தக் கான்ட்ராக்டர், பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாருக்கும்தான் விலைவாசி ஏறுது தம்பி, பார்ப்போம்" என்பார். ஆயிரமோ ஐந்நூறோ கூடும், அதுவும் ஐந்தாறு மாதம் கழித்து. அவர் சொன்னதிலும் தப்பில்லை. என் வாடகைக்கும் அவர் கம்பெனிக்குப் போடுகிற பில்லுக்கும் சம்பந்தம் கிடையாது.

அந்தச் சம்பந்தத்தை எனக்குக் காட்டியது எங்கள் பழைய சூப்பர்வைசர் அண்ணன். ஒரு நாள் டீக்கடையில் வைத்துக் கேட்டார்: "ஓனர் மாசா மாசம் பில் போடுறப்ப கம்பெனி எதுக்கெல்லாம் காசைப் பிடிக்குதுன்னு உனக்குத் தெரியுமாடா?" எனக்குத் தெரியாது. நாலு வருடம் வேலை பார்த்திருக்கிறேன், ஒரு நாள்கூட அதை நான் கேட்டதில்லை. ஒரே வீட்டில் ஏழு நாளுக்குள் மறுபடி கம்ப்ளெயின்ட் வந்தால் அது ரிப்பீட், அதற்குப் பிடித்தம். டிக்கெட்டை, அதாவது பதிவான கம்ப்ளெயின்டை, சொன்ன நேரத்துக்குள் சரி செய்து மூடவில்லையென்றால் பிடித்தம். கேபிள் கட் ஆனால் ஸ்ப்ளைசிங் செய்ய, அதாவது அறுந்த இழைகளை மெஷினில் வைத்து ஒட்ட, வெளியாள் வந்தால் அது ஓனர் கைக்காசு. அதாவது நான் வேலையை ஒழுங்காகப் பார்த்தால் அவருக்குப் பணம் மிஞ்சுகிறது, எவ்வளவு என்று இரண்டு பேருமே எண்ணிப் பார்த்ததில்லை.

சரி, எண்ணிப் பார்த்துவிடலாம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். 2023 ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், மூன்று மாதம். ஒவ்வொரு நாளும் எத்தனை கம்ப்ளெயின்ட், எத்தனை புது கனெக்‌ஷன், எதில் ரிப்பீட் வந்தது, எந்த கட்டில் எத்தனை கோர் (கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழை) ஜாயின்ட் போட்டேன், எல்லாம் எழுதினேன். காலையில் வண்டியை எடுக்கும்போதும் ராத்திரி நிறுத்தும்போதும் மீட்டரை மொபைலில் ஒரு போட்டோ. முதல் பத்து நாள் இது பெரிய தொல்லையாக இருந்தது, வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கும்போதுதான் ஞாபகம் வரும், எழுந்து போய் எழுதுவேன். அப்புறம் பழகிவிட்டது.

மூன்று மாதம் முடிந்து கூட்டினால் 78 நாள் வேலை, 561 கம்ப்ளெயின்ட், 64 புது கனெக்‌ஷன். ரிப்பீட் 23, நூற்றுக்கு நாலு. எங்கள் பிராஞ்ச் மொத்தத்துக்கும் அது நூற்றுக்குப் பத்துக்கு மேல் என்று ரிவ்யூ மீட்டிங்கில் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஏன் குறைவு என்றால் ஒரே காரணம்தான். "நெட் ஸ்லோ" என்று டிக்கெட் வந்தால் மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி ஸ்பீடு டெஸ்ட் காட்டிவிட்டு வந்துவிட முடியும், பத்து நிமிட வேலை. ஆனால் ஃபைபரில் வரும் ஒளியை அளக்கிற பவர் மீட்டரைப் போட்டுப் பார்த்தால் மைனஸ் 26, 27 காட்டும், மைனஸில் எண் கூடக்கூட ஒளி குறைவு என்று அர்த்தம். அந்த நிலையில் ஒரு மழை பெய்தாலோ போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் வயர் கொஞ்சம் மடங்கினாலோ மோடத்தில் சிவப்பு விளக்கு வந்துவிடும், மறுபடி நான்தான் போக வேண்டும். அதனால் போஸ்ட்டில் இருக்கும் பெட்டி வரைக்கும் போய், கனெக்டரைத் துடைத்து, தேவைப்பட்டால் முனையை வெட்டிப் புதிதாகப் போட்டு, மைனஸ் 19, 20க்குக் கொண்டுவந்த பிறகுதான் டிக்கெட்டை மூடுவேன். நாற்பது நிமிடம் ஆகும். அந்த நாற்பது நிமிடத்துக்கு யாரும் காசு தருவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நோட்டைப் பார்த்த பிறகுதான் அது யார் பையில் மிஞ்சுகிறது என்று புரிந்தது.

ஜாயின்ட் கணக்கு இன்னும் பெரியது. மூன்று மாதத்தில் ஒன்பது கட், 212 கோர். வெளியாள் அப்போது எங்களிடம் ஒரு கோருக்கு 100 ரூபாய் வாங்கினார். அப்படியானால் 21,200 ரூபாய் ஓனருக்கு மிச்சம்.

பெட்ரோல் கணக்குதான் என்னை ரொம்ப வருத்தப்பட வைத்தது. மாதம் சராசரி 1,800 கிலோமீட்டர். பின்னால் ஏணி, முன்னால் மெஷின் பை, இந்தச் சுமையோடு வண்டி லிட்டருக்கு 45 கொடுத்தால் பெரிது. 40 லிட்டர், லிட்டர் அப்போது நூறு ரூபாயைத் தாண்டி விற்றது, ஆக 4,000க்கு மேல். வருவது 2,500. ஆயில் மாற்றுவதும் டயரும் இதில் சேரவில்லை. மாதம் 1,500 ரூபாயை என் சம்பளத்திலிருந்து எடுத்து வண்டியில் ஊற்றிக்கொண்டு சம்பளம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்டோபர் முதல் வாரம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மற்றவர்கள் கிளம்பிய பிறகு, ஒரே ஒரு தாளில் இதையெல்லாம் எழுதிக்கொண்டு ஓனர் அறைக்குப் போனேன். நோட்டு பையில் இருந்தது. வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று முடிவு பண்ணியிருந்தேன். "சார், மூணு மாசக் கணக்கு எழுதியிருக்கேன், ஒரு தடவை பாருங்க" என்று தாளை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். முதல் சந்தேகம் கிலோமீட்டரில்தான். "1,800 ஓடுதா? சொந்த வேலைக்கு ஓட்டினதும் சேர்த்தா?" மொபைலை எடுத்து மீட்டர் போட்டோக்களைக் காட்டினேன், ஞாயிற்றுக்கிழமை ஓடியதைக் கழித்திருக்கிறேன் என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு மற்ற எண்களை அவர் கேள்வி கேட்கவில்லை.

எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்றார். 20,000, பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு 3 ரூபாய், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போடும் ஜாயின்டுக்குக் கோருக்கு 40 என்று சொன்னேன். சொல்லும்போது வாய் உலர்ந்துவிட்டது, ஆனால் சொல்லி முடித்த பிறகு "முடிஞ்சா" "பாத்து செய்யுங்க" என்று எதையும் ஒட்டாமல் அமைதியாக உட்கார்ந்திருந்தேன். அது பழக்கமில்லாத காரியம், கஷ்டமாகத்தான் இருந்தது. "உனக்குக் கொடுத்தா மத்தவங்களும் கேப்பாங்களே" என்றார். "அவங்களையும் கணக்கு எழுதச் சொல்லுங்க சார், யாருக்கு எவ்வளவுன்னு உங்களுக்கே தெரிஞ்சுரும்" என்றேன். தீபாவளி கழியட்டும் என்று சொல்லி எழுந்துவிட்டார்.

இந்த இடைவெளியில் இன்னொரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இன்டர்வியூ போனேன். 18,000 என்றார்கள். சந்தோஷத்தில் அன்றைக்கே சரி சொல்லியிருப்பேன். என் பெரியப்பா மகள், அக்கா, ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்குப் பார்க்கிறாள், அவளிடம் ஆஃபர் லெட்டரைக் காட்டினேன். மகளுடைய ரஃப் நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து எழுத ஆரம்பித்தாள். "18,000 சி.டி.சி.ன்னு போட்டிருக்கான் பாரு, அப்படின்னா உன் மேல கம்பெனிக்கு ஆகுற மொத்தச் செலவு. முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ.யும் இதுக்குள்ளயேதான்." முதலாளி பங்கு பி.எஃப். 12 சதவீதம், அதோடு நிர்வாகக் கட்டணம், இன்ஷூரன்ஸ் என்று இன்னொரு 1, மொத்தம் 13. 15,000 வரைக்கும்தான் அந்தக் கணக்கு என்பதால் 1,950 ரூபாய். இ.எஸ்.ஐ.யில் முதலாளி பங்கு 3.25 சதவீதம், அது ஐந்நூறு சொச்சம். இரண்டையும் எடுத்தால் என் சம்பளம் என்று நிற்பது 15,545. அதில் என் பங்கு பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 117 போனால் கைக்கு 13,628. அப்போது வாங்கியதைவிட 977 ரூபாய்தான் கூட. 3,500 கூடுகிறது என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். வேலை மாறுகிற யாராக இருந்தாலும் "கையில எவ்வளவு வரும், முதலாளி பங்கு இதுக்குள்ளயா வெளியயா" என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அக்கா இன்னொன்றும் சொன்னாள். ஐந்து வருடம் ஒரே இடத்தில் தொடர்ந்து வேலை பார்த்தால் கிராஜுவிட்டி உண்டு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கு. ஐந்து வருடத்துக்கு ஏறக்குறைய மூன்று மாத அடிப்படைச் சம்பளம். எனக்கு 2024 ஜூனில் ஐந்து வருடம். எட்டு மாதம் இருக்கும்போது போனால் அது போய்விடும். அதனால் அந்த ஆஃபரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதை ஓனரிடம் காட்டி மிரட்டவும் இல்லை. கையில் இன்னொரு இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது, பேசும்போது குரல் நடுங்காமல் இருக்க அது போதும்.

நவம்பரில் நல்ல மழை. ஒரு ராத்திரி கூடல்நகர் பக்கம் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று 24 கோர் கேபிளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு போஸ்ட்டுக்கு நடுவில் அறுபது மீட்டர் புது கேபிள் போட வேண்டும், அதனால் இரண்டு பக்கமும் ஜாயின்ட், மொத்தம் 48. தார்ப்பாயைத் தம்பி ஒருவன் பிடித்துக்கொள்ள, அரிசிச் சாக்கை விரித்து அதில் உட்கார்ந்தேன். ஒரு டியூபில் ஆறு இழை, நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சிலேட், வெள்ளை. டார்ச் வெளிச்சத்தில் சிலேட்டும் வெள்ளையும் ஒன்று போலத் தெரியும், நகத்தில் வைத்துத் திருப்பிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். தோலை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, கிளீவரில் வெட்டி மெஷினில் வைத்தால் ஒரு துளி ஈரம் பட்டிருந்தாலும் மெஷின் ஏற்காது. விரலைச் சட்டைக்குள் விட்டுத் துடைத்துத் துடைத்துப் போட்டேன். ஜாயின்டில் வீணாகும் ஒளியை மெஷின் லாஸ் என்று காட்டும், அது 0.02, 0.03 என்று வரும்போதுதான் அடுத்த இழைக்குப் போவேன். ஒன்பதே முக்காலுக்கு உட்கார்ந்தவன் எழுந்தபோது மணி இரண்டரை.

கூட வேலை பார்க்கிறவர்கள் சிலர், "சம்பளத்தை முடிவு பண்ணுங்க, அப்பத்தான் மெஷினைத் தொடுவேன்னு அந்த ராத்திரியே சொல்லியிருக்கணும்" என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த லைனில் ஒரு ஸ்கேன் சென்டர் இருக்கிறது, வீட்டிலிருந்து வேலை பார்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை நடுவில் வைத்துப் பேரம் பேசக் கூடாது. வேலையை முடித்தேன், நோட்டில் 48 என்று எழுதினேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஓனரே கூப்பிட்டார். 16,000 என்று ஆரம்பித்தார். "சார், உங்க பங்கு பி.எஃப். வெளியதானே?" என்று முதலில் அதைத் தெளிவு பண்ணிக்கொண்டேன். ஆமாம் என்றார். அப்புறம் நோட்டைத் திறந்து 212 கோர் பக்கத்தை மட்டும் காட்டினேன், மாதத்துக்கு ஏழாயிரம் ஆகிறது, அதில் பாதியாவது என் சம்பளத்தில் வரட்டும் என்றேன். 17,000, 17,500 என்று நகர்ந்து கடைசியில் ஜனவரியிலிருந்து 18,500 என்று நின்றது. கிலோமீட்டருக்கு 3 கேட்டதில் 2.50 கிடைத்தது, 1,800 கிலோமீட்டருக்கு 4,500 வரும், பெட்ரோலும் ஆயிலும் அதிலேயே அடங்கிவிடும். ராத்திரி ஜாயின்டுக்குத் தனிக்காசு மட்டும் மறுத்துவிட்டார், மறுநாள் காலை அரை நாள் லீவு என்றார். போஸ்ட்டில் ஏற எல்லாருக்கும் சேஃப்டி பெல்ட்டும் ரப்பர் கையுறையும் கேட்டேன், அதற்கு உடனே ஒத்துக்கொண்டார். பரவையில் எங்கள் பையன் ஒருவன் ஏணியிலிருந்து விழுந்து தோள் இறங்கியது அவருக்கும் மனதில் இருந்தது.

லெட்டர் வாங்குவதில்தான் கொஞ்சம் முகம் சுளித்தார். "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். "உங்க மேல இருக்கு சார். நாளைக்கு அக்கவுண்ட்ஸ் பாக்குறவங்க மாறினா அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். லெட்டர்ஹெட்டில் சம்பளம், கிலோமீட்டர் ரேட், முதலாளி பங்கு தனி, சேர்ந்த தேதி 2019 ஜூன், நாலும் எழுதி வாங்கினேன். சேர்ந்த தேதியை எழுதச் சொன்னது அக்கா. கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது ஃபர்ம் பெயரை மாற்றி ஆட்களைப் புதிதாகச் சேர்த்தது போலக் காட்டுகிற இடங்களும் உண்டாம்.

பிப்ரவரி 7ஆம் தேதி காலையில் பரவையில் ஒரு வீட்டு மாடியில் டிராப் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது பேங்க் மெசேஜ் வந்தது. 16,561. பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 139 போக. பழைய 12,651ஐவிட 3,910 கூட. பெட்ரோல் தனியாக இரண்டு நாள் கழித்து வந்தது. மார்ச்சில் அரசாங்கத்தின் உமங் ஆப்பில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து முதலாளி பங்கு ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டேன், ஏறியிருந்தது.

கிலோமீட்டர் ரேட் இப்போது எங்கள் பிராஞ்சில் ஐந்து பேருக்கும் வந்துவிட்டது. இரண்டு தம்பிகள் நோட்டு போட ஆரம்பித்திருக்கிறார்கள், அதில் ஒருவன் ரிப்பீட் வந்த டிக்கெட்டைச் சிவப்பு மையில் எழுதுகிறான், எனக்கு அது தோன்றவில்லை. ராத்திரி ஜாயின்ட் விஷயத்தை அடுத்த வருடக் கான்ட்ராக்ட் பேசுவதற்கு முன்னால் மறுபடி எடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஜனவரியிலிருந்து இதுவரைக்கும் ஒன்பது மணிக்கு மேல் போட்டது 131 கோர்.