நான்காவது குழுவில் ஒரு வாக்கெடுப்பு

2019ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபையின் நான்காவது குழுவில் (தீர்மானங்கள் பொதுச்சபைக்குப் போகும் முன் எல்லா உறுப்பு நாடுகளும் அவற்றின் மீது வாக்களிக்கும் குழுக்களில் ஒன்று) எங்கள் தூதுக்குழுவின் இளநிலை அதிகாரியாக இருந்தேன். பாலஸ்தீன அகதிகள் பற்றிய தீர்மானங்கள் என் பொறுப்பு. "அதுவா? போன வருஷக் கோப்பை எடுத்துப் பார்த்து அப்படியே வாக்களி" என்றார் மூத்த அதிகாரி ஒருவர். மற்ற ஆண்டுகளில் அது போதுமாக இருந்திருக்கலாம். அந்த ஆண்டு போதவில்லை.

விஷயம் பழையது. 1948 டிசம்பர் 11 அன்று பொதுச்சபை நிறைவேற்றிய 194ஆம் தீர்மானத்தின் 11ஆம் பத்தி, வீடு திரும்பி அண்டை அயலாரோடு அமைதியாக வாழ விரும்பும் அகதிகளை அனுமதிக்க வேண்டும், திரும்ப விரும்பாதவர்களின் சொத்துக்கு இழப்பீடு தரவேண்டும் என்கிறது. அன்று அரபு நாடுகள் அதை எதிர்த்து வாக்களித்தன; பின்னாளில் அந்தப் பத்தியை விடாமல் பிடித்துக்கொண்டவையும் அவைதான். அடுத்த ஆண்டு 302ஆம் தீர்மானம் அகதிகளுக்கென்று ஒரு முகமையை உருவாக்கியது. அதுதான் அன்ர்வா. 1950 மே மாதம் வேலையைத் தொடங்கியது. தற்காலிக ஏற்பாடு என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பொதுச்சபை அதன் ஆணையை, அதாவது அது செயல்படுவதற்கான அதிகாரத்தை, நீட்டித்தாக வேண்டும். நடப்பு ஆணை 2020 ஜூன் 30உடன் முடியவிருந்தது.

2018இல் அமெரிக்கா தன் நிதியை முழுவதுமாக நிறுத்திவிட்டது. 2019இல் முகமையின் நிர்வாகத்தின் மீது முறைகேட்டுப் புகார்கள் எழுந்தன. சில ஐரோப்பிய நாடுகள் பணத்தை நிறுத்தி வைத்தன. நவம்பர் தொடக்கத்தில் அதன் தலைவர் பதவி விலகினார். குழுவில் வாக்கெடுப்பு வர பத்து நாள்கூட இல்லை.

ஐ.நா. தலைமையகத்திலேயே உள்ள வியன்னா கஃபேயில் எதிரே உட்கார்ந்திருந்த சக அதிகாரி சிறிய நாடொன்றைச் சேர்ந்தவர். காபி ஆறிக்கொண்டிருந்தது. வாக்களிக்காமல் ஒதுங்கிவிடலாமா என்று அவருடைய தலைநகர் யோசிப்பதாகச் சொன்னார். "ஊழல் புகார் இருக்கும்போது எப்படிக் கை தூக்குவது?"

"சரி, ஆணை நீளவில்லை என்றால் ஜூலை 1ஆம் தேதி காலையில் என்ன நடக்கும்?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. நானே சொன்னேன். ஜோர்டான், லெபனான், சிரியா, மேற்குக் கரை, காஸா என ஐந்து இடங்களில் எழுநூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளை அந்த முகமைதான் நடத்துகிறது. ஐந்து லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆசிரியர்களில் பெரும்பாலோர் அகதிகளே. நிர்வாகத்தில் தப்பு செய்தவர்களை விசாரிக்கட்டும், தண்டிக்கட்டும். அதற்காக ஆறாம் வகுப்புப் பிள்ளையின் பள்ளியை ஏன் மூடவேண்டும்? அவர் குறிப்பேட்டில் தேதியை மட்டும் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார். தலைநகருக்கு அனுப்ப அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

நவம்பர் 15 அன்று குழுவில் 170 நாடுகள் நீட்டிப்பை ஆதரித்தன. இரண்டு நாடுகள் எதிர்த்தன: அமெரிக்காவும் இஸ்ரேலும். டிசம்பரில் பொதுச்சபையில் 169. ஆணை 2023 ஜூன் வரை நீண்டது. வாக்குப் பலகையில் ஆதரவைக் காட்டும் பச்சை விளக்குகள் நிறைந்தபோது எனக்கு உண்மையாகவே தொண்டை அடைத்தது. நீட்டிப்பு இல்லாத ஆண்டுகளிலும் வரும் அகதிகள் தீர்மானத்தில் ஆண்டுதோறும் ஒரே வாசகத்தை நிறைவேற்றுவது வெறும் சடங்கு என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 11ஆம் பத்தி இன்னும் நிறைவேறவில்லை என்று உலகம் ஒவ்வொரு ஆண்டும் வருத்தத்தோடு பதிவு செய்வதால்தான், அந்த உரிமை காலாவதியாகிவிட்டது என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

அப்புறம் வருவது பணம். உண்மையான பேரம் அங்கேதான். ஐ.நா.வின் வழக்கமான நிதியிலிருந்து அன்ர்வாவுக்கு அப்போது கிடைத்தது பெரும்பாலும் சர்வதேச ஊழியர்களின் சம்பளம் மட்டுமே. பள்ளி, மருந்து, ரேஷன் எல்லாம் நாடுகள் விரும்பிக் கொடுப்பதை நம்பித்தான். பச்சை விளக்கை அழுத்திய எத்தனையோ நாடுகள் நன்கொடைக் கூட்டத்தில் ஒற்றுமையைப் பற்றிப் பேசிவிட்டு, தொகை எதையும் சொல்லாமல் உட்கார்ந்ததைப் பார்த்தேன். அரசியல் காரணத்தால் ஒரு பெரிய நாடு பின்வாங்கினால் அந்த மாதச் சம்பளமே ஆட்டம் காண்கிறது. ஆணையைக் கொடுக்கும் சபையே செலவின் கணிசமான பங்கையும் உறுப்பு நாடுகளின் கட்டாயப் பங்களிப்பிலிருந்து ஒதுக்க வேண்டும் என்று என் அறிக்கையில் எழுதினேன். தலைநகரிலிருந்து வந்த பதிலில் அந்தப் பரிந்துரை பற்றி ஒரு வரியும் இல்லை. இன்றும் எழுதச் சொன்னால் அதையேதான் எழுதுவேன்.