பாடகரே ஓட்டிய விமானம்

2007 மார்ச்சில் பிரிட்டனின் ஹெவி மெட்டல் இசைக்குழுவான அயர்ன் மெய்டன் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் வாசித்தபோது சேலம் புதிய பஸ் ஸ்டாண்டில் விடிகாலை வண்டி ஏறினேன். தொப்பூர், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று சுமார் 200 கிலோமீட்டர், வழியெல்லாம் காதில் அவர்கள் பாட்டுதான்.

அடுத்த வருஷமே அவர்கள் ஊர் சுற்றும் விதம் மாறியது. ஒரு போயிங் 757-ல் பின்பக்க இருக்கைகளைக் கழற்றிவிட்டு டிரம்ஸ், ஆம்ப், மேடைச் சாமான் எல்லாவற்றையும் ஏற்றி, குழுவும் பணியாளர்களும் ஒன்றாகவே பறந்தார்கள். ஓட்டியவர் பாடகர் புரூஸ் டிக்கின்சன். உரிமம் பெற்ற விமானி அவர். முதல் கச்சேரி நம் மும்பையில், 2008 பிப்ரவரி 1.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது 2016. முந்தைய வருஷம்தான் புற்றுநோய் சிகிச்சை முடித்திருந்தார், அப்புறம் 57 வயதில் போயிங் 747 ஓட்டப் பயிற்சி எடுத்து உலகம் சுற்றினார். சிலி நாட்டின் சாந்தியாகோவில் இழுவை வண்டி மோதி இரண்டு என்ஜின்கள் பழுதான பிறகும் பயணம் தொடர்ந்தது. ஓட்டுவதும் அவர், இரண்டு மணி நேரம் தொண்டை கிழியப் பாடுவதும் அவர்!

போன ஞாயிறு ஏற்காட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்து மகளுக்கு அந்த விமானத்தின் படத்தைக் காட்டினேன். வாலில் வரைந்திருந்த, குழுவின் சின்னமான ‘எட்டி’ (Eddie) என்ற பூதத்தின் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.